ஆஸ்பத்திரி பில் வந்ததும் கார்டை எடுக்காதீர்கள்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நாங்கள் அமெரிக்கா வந்த எட்டாவது மாதம், பையன் பார்க்கில் ஊஞ்சலிலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டான். எமர்ஜென்சியில் மூன்று மணி நேரம் காத்திருந்து, ஒரு எக்ஸ்ரே, நாலு தையல் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்து 2,316 டாலருக்கு ஒரு பில் வந்தது. இன்ஷூரன்ஸ் கொடுத்தது என்ற கட்டத்தில் பூஜ்யம். என் கணவர் அப்போதுதான் கிரெடிட் ஸ்கோரை 700க்கு மேல் ஏற்றியிருந்தார், கார் லோன் வேறு யோசித்துக்கொண்டிருந்தோம், "கட்டித் தொலைச்சிடலாம், ஸ்கோர் விழுந்தா யாரு பார்க்கறது" என்று கார்டை எடுத்துவிட்டார். பக்கத்து அபார்ட்மென்ட் அக்கா ஒருத்தர் அந்த நேரம் பார்த்து இட்லி மாவு வாங்க வந்தார். பில்லைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஈஓபி வந்துச்சா?"

எங்களுக்கு ஈஓபி என்றால் என்னவென்றே தெரியாது. கடைசியில் நாங்கள் கட்டியது 348 டாலர் 40 சென்ட். இடையில் நான்கு மாதம், பதினோரு போன் கால், கடன் வசூல் ஏஜென்சியிடமிருந்து ஒரு கலெக்‌ஷன் கடிதம். அதில் கற்றுக்கொண்டதையும், அப்புறம் மற்றவர்களின் பில்களோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன காகிதம்

ஆஸ்பத்திரியிலிருந்து வருவது பில். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வருவது ஈஓபி, அதாவது அவர்கள் எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்ற விளக்கம். ஈஓபியிலேயே 'இது பில் அல்ல' என்று போட்டிருக்கும். தபாலில் வரவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் இணையதளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் கிளெய்ம்ஸ் பகுதியில் பாருங்கள். ஈஓபி வராமல் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாதீர்கள், ஆனால் பில்லைக் குப்பையிலும் போடாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லா வேலையும் இருக்கிறது.

ஈஓபியில் நான்கு எண்களைப் பாருங்கள். ஆஸ்பத்திரி கேட்ட தொகை, இன்ஷூரன்ஸ் ஒப்பந்தப்படி ஒத்துக்கொண்ட தொகை, இன்ஷூரன்ஸ் கொடுத்தது, நீங்கள் தர வேண்டியது. எங்களுக்குக் கடைசியாக வந்த ஈஓபியில் கேட்டது 2,316, ஒத்துக்கொண்டது 742. எமர்ஜென்சிக்கு எங்கள் கோபே 250, மீதி 492இல் கோஇன்ஷூரன்ஸ் 20 சதவீதம், 98.40. அந்த வருடத்து டிடக்டிபிள் என் ஸ்கேன் செலவிலேயே முடிந்திருந்தது. டிடக்டிபிள் என்பது இன்ஷூரன்ஸ் காசு கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் பாக்கெட்டிலிருந்து போக வேண்டிய தொகை; கோபே ஒவ்வொரு தடவையும் கட்டுகிற நிலையான தொகை; கோஇன்ஷூரன்ஸ் அதற்கப்புறம் வருகிற சதவீதப் பங்கு. வருடத்துக்கு இதற்கு மேல் நீங்கள் கட்ட வேண்டாம் என்ற உச்சவரம்பும் ஒன்று உண்டு, அதை எட்டிவிட்டீர்களா என்றும் பாருங்கள். நெட்வொர்க்கில் இருக்கும், அதாவது உங்கள் இன்ஷூரன்ஸ் பட்டியலில் உள்ள, ஆஸ்பத்திரி 2,316க்கும் 742க்கும் உள்ள வித்தியாசத்தை உங்களிடம் கேட்க முடியாது. அது அவர்கள் இன்ஷூரன்ஸோடு போட்ட ஒப்பந்தம்.

ஒரே ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மூன்று நான்கு பில் வரும், அதில் மிரள வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டடம், வசதிகளுக்கு ஒன்று, எமர்ஜென்சி டாக்டருக்கு ஒன்று, எக்ஸ்ரேயைப் படித்த ரேடியாலஜிஸ்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஈஓபி இருக்க வேண்டும், ஜோடி சேர்த்து கிளிப் போட்டு வையுங்கள்.

நம் பெயரும் நம் தேதியும்

எங்கள் பில்லில் பூஜ்யம் வந்ததற்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பையன் பிறந்தது ஏப்ரல் 7. ரத்தம் சொட்டுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நம் ஊர் வழக்கப்படி 07/04 என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். இங்கே மாதம் முதலில் வரும். ஆஸ்பத்திரி கணக்கில் என் பிள்ளை அமெரிக்கச் சுதந்திர தினத்தில் பிறந்தவனாகிவிட்டான், இன்ஷூரன்ஸோ இப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்று கிளெய்மைத் திருப்பி அனுப்பிவிட்டது, உடனே ஆஸ்பத்திரி கணினி எங்களை இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் பட்டியலில் போட்டு முழுத் தொகைக்கும் பில் அடித்துவிட்டது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

தமிழ்ப் பெயர்களில் இந்தத் தகராறு இன்னும் அதிகம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் இடத்தில் இருக்கும், இன்ஷூரன்ஸ் கார்டில் இனிஷியலாக இருக்கும், ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதைக் கேட்டு முன்னும் பின்னுமாகப் போட்டிருப்பார்கள். சர்நேமே இல்லாத பாஸ்போர்ட்காரர்களுக்கு விசாவில் எஃப்என்யூ ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம்) என்ற மூன்றெழுத்தே முதற்பெயராகி, அது கார்டு வரைக்கும் வந்துவிடுவதுண்டு. ஆகவே பில் கையில் வந்ததும் பெயர், பிறந்த தேதி, மெம்பர் நம்பர், குரூப் நம்பர் நான்கையும் கார்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும் என்பது என் அனுபவம்.

இன்னொரு காரணமும் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு வேறு இன்ஷூரன்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு கடிதம் அனுப்பும். விளம்பரம் மாதிரி இருப்பதால் தூக்கிப் போட்டுவிடுவோம். பதில் போகாததால் அதற்குப் பிறகு வரும் கிளெய்ம்களை நிறுத்தி வைத்துவிடுவார்கள். போன் செய்து இல்லை என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இது, அப்புறம் பழைய கிளெய்ம்களைத் திரும்பப் பரிசீலிக்கச் சொல்ல வேண்டும். அதைத் தானாகச் செய்வார்கள் என்று நம்பாதீர்கள்.

போன் செய்வது எப்படி

முதலில் இன்ஷூரன்ஸுக்கு, பிறகு ஆஸ்பத்திரிக்கு. இன்ஷூரன்ஸில் கேட்க வேண்டியது: இந்தத் தேதிக்குக் கிளெய்ம் வந்ததா, வந்தால் என்ன காரணத்தால் மறுத்தீர்கள், அதைச் சரிசெய்ய யார் என்ன அனுப்ப வேண்டும். பதில் புரியவில்லை என்றால் ஆஸ்பத்திரி பில்லிங்கையும் அதே லைனில் சேர்க்கச் சொல்லுங்கள், பல பேர் செய்வார்கள். மூன்று பேரும் ஒரே லைனில் இருக்கும்போது அவர் மேல் இவர் பழி போடும் கதை நடக்காது.

ஆஸ்பத்திரியிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, விவரம் திருத்தி கிளெய்மைத் திரும்ப அனுப்புங்கள். இரண்டு, அது முடியும்வரை கணக்கை ஹோல்டில் வையுங்கள், கலெக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள். மூன்று, ஐட்டமைஸ்டு பில், அதாவது ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பிரித்துக் காட்டும் பில், அனுப்புங்கள். ஒவ்வொரு காலிலும் தேதி, நேரம், பேசியவர் பெயர், ரெஃபரன்ஸ் நம்பர் எழுதிக்கொள்ளுங்கள். நான் பால் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன், கடைசியில் அதுதான் காப்பாற்றியது. பேசி முடித்ததும் அதையே சுருக்கமாக ஆஸ்பத்திரி இணையதளத்து மெசேஜிலோ கடிதமாகவோ அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் போனில் ஹோல்ட் போட்டுவிட்டேன் என்று சொன்னவர் போடாமல் போனால் உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்காது.

ஆங்கிலத்தில் தடுமாறுகிறது என்றால், அல்லது ஊரிலிருந்து வந்த அம்மாவே பேச வேண்டும் என்றால், தமிழ் இண்டர்ப்ரெட்டர் கேளுங்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் ஆஸ்பத்திரிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் இதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். கேட்கக் கூச்சப்படுகிறோம், அவ்வளவுதான்.

வரி வரியாகப் பார்ப்பது

சும்மா வரும் பில்லில் 'எமர்ஜென்சி சேவைகள்', 'மருந்தகம்' என்று மொத்தமாகத்தான் இருக்கும். ஐட்டமைஸ்டு பில்லில் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து இலக்கக் கோடு (குறியீட்டு எண்) இருக்கும், அதைத் தேடுதளத்தில் போட்டாலே என்னவென்று தெரிந்துவிடும். ஒரே கோடு ஒரே நாளில் இரண்டு தடவை வருகிறதா, கொடுக்காத மருந்து இருக்கிறதா, எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். எமர்ஜென்சி வருகைக்கு 99281 முதல் 99285 வரை ஐந்து நிலை உண்டு, எண் ஏற ஏறக் காசும் ஏறும். நாலு தையலுக்கு 99285 போட்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம். உடனே குறைத்துவிட மாட்டார்கள், கோடிங் ரிவ்யூ வேண்டும் என்று சொன்னால் மருத்துவக் குறிப்பை வைத்துத் திரும்பப் பார்ப்பார்கள். உங்கள் மருத்துவக் குறிப்புகளையும் பில்லிங் ஆவணங்களையும் கேட்டால் பொதுவாக 30 நாளுக்குள் தர வேண்டும், அது ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை.

வருடாந்திர செக்கப்புக்குப் பில் வந்தாலும் கோடுதான் காரணமாக இருக்கும். தடுப்புப் பரிசோதனை என்றால் பெரும்பாலான பிளான்களில் நெட்வொர்க் டாக்டரிடம் காசே இல்லை. பேச்சோடு பேச்சாக "முட்டியும் கொஞ்சம் வலிக்குது டாக்டர்" என்று சொன்னால் அது தனி ஆலோசனை ஆகிவிடும்.

இன்ஷூரன்ஸ் மறுத்தால், அல்லது டாக்டர் நெட்வொர்க்கிலேயே இல்லை என்றால்

மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து அப்பீல் செய்ய 180 நாள் உண்டு. ஏற்கெனவே முடிந்த சிகிச்சை என்றால் அவர்கள் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் மறுப்பு என்றால், மருத்துவக் காரணம் பற்றிய விஷயங்களில், நான்கு மாதத்துக்குள் வெளியார் பரிசீலனை கேட்கலாம், அதில் முடிவெடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி அல்ல. உங்கள் பிளான் நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனி சொந்தப் பணத்தில் நடத்துவதா, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கியதா என்று எச்ஆரில் கேட்டுவையுங்கள். சொந்தப் பணம் என்றால் புகார் மத்திய தொழிலாளர் துறைக்கு, வாங்கியது என்றால் மாநில இன்ஷூரன்ஸ் துறைக்கு.

நோ சர்ப்ரைசஸ் ஆக்ட் என்ற பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எமர்ஜென்சி என்றால் ஆஸ்பத்திரியோ டாக்டரோ நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் நெட்வொர்க் கணக்குப்படிதான் உங்கள் பங்கு. நெட்வொர்க் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், மயக்க மருந்து டாக்டர் மட்டும் வெளியாள் என்றாலும் அப்படியே. சில இடங்களில் இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று கையெழுத்துக் கேட்பார்கள், மயக்க மருந்து, ரேடியாலஜி, பேத்தாலஜி டாக்டர்கள் அதைக் கேட்கவே கூடாது. இந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை, தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் இதில் சேராது, ஹெலிகாப்டர் சேரும். இன்ஷூரன்ஸே இல்லாமல் கைக்காசு கட்டுபவர்களுக்கு முன்கூட்டியே மதிப்பீடு எழுத்தில் தர வேண்டும், பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் 25 டாலர் கட்டி முறையிடலாம். இதற்கெல்லாம் மத்திய அரசின் உதவி எண் 1-800-985-3059.

பில் சரிதான், ஆனால் பணம் இல்லை

இதைத்தான் யாரும் நம்மிடம் சொல்வதில்லை. லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகள், இங்கே பெரும்பாலானவை அப்படித்தான், வரிவிலக்கு வாங்குவதற்கு ஈடாக நிதியுதவித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் பில் தேதியிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம், முதல் 120 நாளுக்குள் கிரெடிட்டில் ஏற்றுவது, வழக்குப் போடுவது எதுவும் கூடாது. வருமானத்தையும் குடும்ப எண்ணிக்கையையும் பார்த்து முழுசாகவோ பாதியாகவோ தள்ளுபடி செய்வார்கள். வரம்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், ஒரு சம்பளத்தில் நாலு பேர் இருக்கும் வீட்டுக்குச் சில இடங்களில் கிடைக்கும். மாணவர்கள் கட்டாயம் கேளுங்கள். விண்ணப்பம் போட உதவுவதற்கென்றே டாலர் ஃபார் என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது, இலவசம்.

அது கிடைக்காவிட்டால், ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், இல்லையென்றால் வட்டியில்லாத் தவணை கேளுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் தேய்க்காதீர்கள். கார்டில் போன அந்த நிமிடமே அது மருத்துவக் கடன் என்ற அடையாளத்தை இழந்துவிடுகிறது, கீழே நான் சொல்லப்போகிற எந்தச் சலுகையும் அப்புறம் பொருந்தாது, வட்டி வேறு. கவுண்டரிலேயே நீட்டுகிற மருத்துவச் செலவுக் கார்டுகளும் அப்படித்தான். ஆறு மாதம் வட்டியில்லை என்பார்கள், ஏழாம் மாதம் பத்து டாலர் மிச்சமிருந்தாலும் முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டு முழு வட்டியும் வந்து நிற்பதுண்டு.

கிரெடிட் ஸ்கோர் பயம்

நாம் பயந்துபோய்க் கட்டுவதற்கு இதுதான் காரணம், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிகளும் சேர்ந்து எடுத்த முடிவின்படி, 2022 ஜூலையிலிருந்து கட்டிமுடித்த மருத்துவக் கலெக்‌ஷன்கள் ரிப்போர்ட்டில் இருக்காது, கட்டாததும் ஒரு வருடம் ஆகாமல் ஏறாது. 2023 ஏப்ரலில் 500 டாலருக்குக் கீழ்ப்பட்டதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே நேற்று வந்த பில்லால் நாளைக்கு ஸ்கோர் விழாது. சண்டை போட ஒரு வருடம் இருக்கிறது.

ஆனால் மருத்துவக் கடன் இனிமேல் ரிப்போர்ட்டில் வரவே வராது என்று சொல்லும் பழைய வீடியோக்களை நம்பாதீர்கள். 2025 ஜனவரியில் அப்படி ஒரு மத்திய விதி வந்தது உண்மை, அதே வருடம் ஜூலையில் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நியூயார்க், கொலராடோ மாதிரிச் சில மாநிலங்கள் 2023 முதல் தங்கள் சட்டத்தால் தடை போட்டிருக்கின்றன, உங்கள் மாநிலத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கலெக்‌ஷன் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தால் நாள் எண்ண ஆரம்பியுங்கள். 30 நாளுக்குள் எழுத்தில், இந்தக் கடனை நான் மறுக்கிறேன், ஆதாரம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி ரசீதை வையுங்கள். போனில் வந்தால் கடனை ஒத்துக்கொள்கிற மாதிரி எதுவும் சொல்ல வேண்டாம், நல்லெண்ணத்துக்கு 50 டாலர் என்று கட்டவும் வேண்டாம். எங்களுக்கு வந்த கடிதத்துக்கு நான் ஈஓபி நகல், நோட்டில் எழுதிய தேதிகள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மெசேஜ் மூன்றையும் வைத்து அரைப் பக்கம் எழுதினேன். மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியே கணக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

கோர்ட் சம்மன் வந்தால் மட்டும் வேறு கதை. அதில் போட்டிருக்கும் தேதிக்குள் பதில் தராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, பல மாநிலங்களில் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். அன்றைக்கே இலவசச் சட்ட உதவி மையத்தைத் தேடுங்கள்.

ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காமில் மூன்று கம்பெனி ரிப்போர்ட்டும் வாரத்துக்கு ஒரு தடவை இலவசம், பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. வரக்கூடாத வரி இருந்தால் எந்தக் கம்பெனி ரிப்போர்ட்டில் இருக்கிறதோ அங்கே தனித்தனியாக டிஸ்ப்யூட் போடுங்கள், பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும். மசியவில்லை என்றால் சிஎஃப்பிபி என்ற மத்திய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் புகார்.

வீடு மாறினால் ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் முகவரியை மாற்றுங்கள். நம்மவர்கள் லீஸ் முடிய முடிய அபார்ட்மென்ட் மாறுகிறோம், பில் பழைய வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்து கலெக்‌ஷனுக்குப் போய்விடுகிறது. குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் எச்ஆரில் சொல்லி பிளானில் சேர்த்துவிடுங்கள், அம்மாவின் இன்ஷூரன்ஸிலேயே ஓடும் என்று நினைத்து விட்டவர்களுக்குப் பச்சைக்குழந்தை பெயரில் பில் குவிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை அட்மிட் செய்யும்போது காரன்டர் (பணத்துக்குப் பொறுப்பேற்பவர்) என்ற இடத்தில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ பில் அவரைத்தான் தேடி வரும், படித்துவிட்டுப் போடுங்கள்.

எல்லாம் முடிந்து உங்கள் பங்கைக் கட்டிய பிறகு, பாக்கி பூஜ்யம் என்று ஆஸ்பத்திரியிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். எங்களுடையது வந்தபோது பையனின் தையல் தழும்பே மங்கிவிட்டது. கடிதத்தில் அவன் பிறந்த தேதி இன்னும் ஜூலை 4 என்றே இருந்ததால் மறுபடி போன் செய்தேன், பன்னிரண்டாவது கால்.